வீட்டுக்கு மல்டி-லைன் கார்ட்லெஸ் போன்: தேர்வு முதல் மாட்டுவது வரை

பெட்டியின் மேல் ஐந்து ஹேண்ட்செட் படம் போட்டிருந்தால் அது ஐந்து லைன் போன் என்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். ஹேண்ட்செட் எத்தனை இருந்தாலும், சுவர் சாக்கெட்டோடு இணையும் தாய்ப்பெட்டியான பேஸ் யூனிட்டுக்குள் வரும் லைன் ஒன்றே என்றால் ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்கு வெளியே பேச வழி கிடையாது. எடுத்துப் பார்த்தால் அதே பேச்சு காதில் விழும். இல்லாவிட்டால் லைன் உபயோகத்தில் இருப்பதாகத் திரையில் வரும். மல்டி-லைன் போன் என்பது வேறு. ஒரே பேஸில் இரண்டோ அதற்கு மேலோ தனித்தனி லைன்கள் வந்து சேரும். எந்த ஹேண்ட்செட்டிலிருந்தும் எந்த லைனையும் பிடிக்கலாம். இரண்டு பேர் இரண்டு லைனில் ஒரே சமயத்தில் பேசலாம்.

கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு நடக்கும்? அந்த லைன்கள் வீட்டுக்குள் எந்த வடிவில் வருகின்றன? முதல் கேள்வியை எல்லோரும் யோசிப்பார்கள். இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் புதுப் போனை மாட்டியதும் இரண்டாவது லைன் ஊமையாகிறது.

எத்தனை லைன் வேண்டும்

வீட்டில் போன் அதிகம் அடிக்கும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரே சமயத்தில் எத்தனை பேர் வெளியே பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு போதும்: வீட்டு எண் ஒன்று, தொழிலுக்கான எண் ஒன்று. வீட்டிலிருந்தே இரண்டு பேர் வேலை பார்த்தால் மூன்றோ நான்கோ தேவைப்படலாம். வீட்டில் எத்தனை அறை, எத்தனை ஆள் என்ற கணக்கு ஹேண்ட்செட்டுக்கு மட்டும்தான். அதை லைன் கணக்கோடு குழப்பாதீர்கள்.

கால் வெயிட்டிங் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. கால் வெயிட்டிங்கில் ஒரு பேச்சை நிறுத்தி வைத்துத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். இரண்டு பேர் தனித்தனியாகப் பேச முடியாது.

இரண்டு லைன் எடுத்தும் வெளியே ஒரே எண்ணைத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தொலைபேசி நிறுவனத்திடம் ஹன்டிங் வசதி கேளுங்கள். முதல் லைன் பிஸியாக இருந்தால் அழைப்பு தானாக இரண்டாவது லைனுக்குத் தாவும். இதைச் செய்வது நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச். உங்கள் போனில் எந்த மெனுவிலும் இது இருக்காது. இந்த வசதி இல்லாவிட்டால், அழைப்பவருக்கு பிஸி டோன் கேட்கும்போது உங்கள் இரண்டாவது லைன் சும்மா கிடக்கும்.

லைன் எந்த வடிவில் வருகிறது

வாங்க வேண்டிய போன் வகையையே தீர்மானிப்பது இதுதான்.

பழைய செம்புக் கம்பி லைன்கள் என்றால், இரண்டு லைன் அனலாக் கார்ட்லெஸ் போன் நேராகப் பொருந்தும். விடெக் டிஎஸ்6151 இந்த வகைக்கு ஓர் உதாரணம்: இரண்டு லைன், 12 ஹேண்ட்செட் வரை. இந்த வகைப் போன்கள் வட அமெரிக்கச் சந்தையில்தான் அதிகம் கிடைக்கும். வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து தருவிக்கலாமா என்பதற்குக் கீழே பதில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் மாட்டிய பெட்டியின் பின்புறம் டெல் 1, டெல் 2 என்று இரண்டு போன் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தாலே இரண்டும் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. இரண்டாவதற்கு நிறுவனம் தனி எண் ஒதுக்கி இயக்கிவிட வேண்டும். இணையத் தொலைபேசிச் சேவைக்காக, சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் ஏடிஏ அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

செம்புக் கம்பியே இல்லை, இணையம் மட்டும்தான் என்றால் ஐபி டெக்ட் பேஸ், அதாவது இணையம் வழியாகப் பேசும் கார்ட்லெஸ் பேஸ், வாங்குவதே என் பரிந்துரை. இது ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு இணையும்; ஒவ்வொரு எண்ணும் ஒரு சிப் (SIP, இணையத் தொலைபேசி முறை) கணக்காக உள்ளே பதிவாகும். மூன்றாவது எண் வேண்டுமென்றால் புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை, கணக்கு ஒன்றைச் சேர்த்தால் போதும். பானசோனிக் கேஎக்ஸ்-டிஜிபி600 எட்டு ஹேண்ட்செட், ஒரே நேரத்தில் எட்டுப் பேச்சு வரை தாங்கும். சில ரவுட்டர்களுக்குள்ளேயே டெக்ட் பேஸ் அடங்கியிருக்கும். ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர்கள் பலவற்றில் ஆறு ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம். உங்களிடம் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் தனி பேஸே தேவையில்லை.

இன்னொரு வழி மொபைலையே ஒரு லைனாக ஆக்குவது. புளூடூத் உள்ள கார்ட்லெஸ் பேஸில் மொபைலை இணைத்துவிட்டால், மொபைலுக்கு வரும் அழைப்பு வீடு முழுக்க ஹேண்ட்செட்களில் அடிக்கும். ஒரு லேண்ட்லைனும் ஒரு மொபைலும் உள்ள வீட்டுக்கு இதுவே போதுமான இரண்டு லைன். ஒரு நிபந்தனை உண்டு: புளூடூத் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். மொபைல் பேஸுக்குப் பக்கத்திலேயே, அதே அறையில் சார்ஜில் கிடக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனால் அந்த லைன் அறுந்துவிடும்.

சுவர் சாக்கெட்டைச் சோதிப்பது

செம்புக் கம்பியோ அடாப்டரோ, அனலாக் போன் வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு போன் லைனுக்கு இரண்டு கம்பி, அதாவது ஒரு ஜோடி வேண்டும். இரண்டு லைன் போனுக்கு ஒரே சாக்கெட்டில் நான்கு கம்பி வரலாம். நடு இரண்டு பின்கள் முதல் லைன். அவற்றுக்கு இருபுறமும் உள்ள வெளி இரண்டு பின்கள் இரண்டாவது லைன். ஒரு ஜோடி மட்டும் உள்ள இணைப்பை ஆர்ஜே-11 என்றும், இரண்டு ஜோடி உள்ளதை ஆர்ஜே-14 என்றும் சொல்வார்கள். பிளாஸ்டிக் முனை இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

போன் கேபிளின் முனையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஆறு பள்ளங்கள் இருக்கும். அவற்றில் எத்தனையில் செம்புத் தகடு மின்னுகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மட்டும் என்றால் அது ஒற்றை லைன் கேபிள், இரண்டு லைன் போனுக்கு உதவாது. நான்கு இருக்க வேண்டும். பெட்டியோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டுப் பழைய கேபிள் ஒன்றை மாட்டினால் நடப்பது இதுதான்: முதல் லைன் நன்றாக வேலை செய்யும், இரண்டாவதில் சத்தமே இருக்காது.

சோதனை முறை எளிது:

1. சாதாரண ஒற்றை லைன் போன் ஒன்றை எடுத்துச் சாக்கெட்டில் மாட்டுங்கள். டயல் டோன் வருகிறதா? மொபைலுக்கு ஒரு அழைப்பு போட்டு, எந்த எண் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. இரண்டு லைன் ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்குங்கள். அதில் எல்1, எல்2, எல்1+எல்2 என்று மூன்று துளை இருக்கும். எல்2-வில் அதே போனை மாட்டிப் பாருங்கள். டோன் வந்து, இரண்டாவது எண் காட்டினால், அந்தச் சாக்கெட்டில் இரண்டு லைனும் இருக்கின்றன. வேலை முடிந்தது.
3. எல்2-வில் டோன் இல்லை, ஆனால் வேறு சாக்கெட்டில் இரண்டாவது எண் வருகிறது என்றால், லைன்கள் தனித்தனிச் சாக்கெட்டுக்குப் போயிருக்கின்றன. அப்போது பின்புறம் இரண்டு சாக்கெட் உள்ள பேஸைத் தேடுங்கள், அல்லது இரண்டு ஒற்றை லைன்களை ஒரே முனையில் சேர்க்கும் அடாப்டர் வாங்குங்கள். கடையில் ஸ்ப்ளிட்டர் என்று மட்டும் கேட்டால் ஒரே லைனை இரண்டாகப் பிரிப்பதைத் தந்துவிடுவார்கள். அதில் இரண்டு லைனையும் செருகினால் இரண்டும் ஷார்ட் ஆகும்.

நான்கு லைன் பேஸ்களில் பெரும்பாலும் இரண்டு சாக்கெட் இருக்கும்: ஒன்றில் 1, 2, மற்றதில் 3, 4.

சாக்கெட்டின் மூடியைத் திறந்தால் கம்பிகளின் நிறத்தை நம்பிவிடாதீர்கள். சிவப்பும் பச்சையும் முதல் லைன், கறுப்பும் மஞ்சளும் இரண்டாவது என்பது ஒரு வழக்கம்தான். நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு மாறும். வெறும் கையால் தொடவும் வேண்டாம். சும்மா இருக்கும் லைனில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் உண்டு. ரிங் அடிக்கும் கணத்தில் 90 வோல்ட் அளவு மாறுமின்சாரம் பாயும். நன்றாகவே சுண்டும்.

அடாப்டர் அல்லது ஃபைபர் பெட்டியின் டெல் சாக்கெட்டை வீட்டின் பழைய சுவர் ஒயரிங்கோடு இணைக்கப் போகிறீர்களா? அதற்கு முன் வெளியிலிருந்து வரும் நிறுவனக் கம்பியை நுழைவிடத்திலேயே கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே கம்பியில் சந்தித்தால் அடாப்டர் எரிந்துபோகக்கூடும்.

டிஎஸ்எல், அதாவது போன் கம்பியிலேயே வரும் இணையம் உள்ள வீடுகளில் போனுக்கு முன்னால் ஃபில்டர் போடுவார்கள். சாதாரண ஃபில்டர்கள் பலவும் நடு ஜோடியை மட்டும் கடத்தும். அப்படியானால் இரண்டாவது லைன் அங்கேயே நின்றுவிடும். இரண்டு லைன் ஃபில்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

அலைவரிசையும் நாடும்

இன்றைக்கு வாங்குவதானால் டெக்ட் (DECT) என்ற கார்ட்லெஸ் தொழில்நுட்பத்தில் வாங்குங்கள். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்கள் வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதும். டெக்ட் தனக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் இயங்குவதால் அந்தத் தொல்லை இல்லை.

அந்த அலைவரிசை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஐரோப்பாவிலும் அந்த ஏற்பாட்டைப் பின்பற்றும் நாடுகளிலும் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ். இதைத்தான் டெக்ட் 6.0 என்று விற்கிறார்கள். 6.0 என்பது விற்பனைப் பெயர், 6 கிகாஹெர்ட்ஸ் அல்ல. அமெரிக்கப் போனை வேறு நாட்டில் இயக்கினால், அங்கே அதே அலைவரிசையை மொபைல் நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். மொபைல் சேவைக்கு இடைஞ்சல் வரும், சட்டச் சிக்கலும் வரும். பவர் அடாப்டரின் வோல்டேஜும் பொருந்தாமல் போகலாம். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கிவரச் செய்யும் பொருள் இல்லை இது.

எட்டும் தூரம் திறந்தவெளியில் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் இரண்டு மூன்று குறுக்கே வந்தால் 50 மீட்டரை மறந்துவிடுங்கள். பெரிய வீடு என்றால், எட்டும் தூரத்தைக் கூட்டும் ரிப்பீட்டர் சேர்க்க முடிகிற மாடலாக எடுங்கள். ரிப்பீட்டரும் பேஸும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருந்தால் தலைவலி குறைவு.

கூடுதல் ஹேண்ட்செட் வாங்கும்போதும் அதே தயாரிப்பாளரின் பொருந்தும் மாடலையே வாங்குங்கள். கேப் என்ற பொதுத் தரம் உள்ள போன்களில் வேறு தயாரிப்பாளரின் ஹேண்ட்செட்டும் சேரும். ஆனால் பேசுவது, எடுப்பது போன்ற அடிப்படை வேலைகள்தான் நடக்கும். இரண்டாவது லைனைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானே வேலை செய்யாமல் போகலாம். மல்டி-லைன் வாங்கியதன் பயனே அங்கே போய்விடும்.

வசதிகளில் எதைப் பார்ப்பது

விளம்பரத்தாளில் முப்பது வசதி இருக்கும். இரண்டு லைன் வீட்டில் தினமும் உதவுபவை சில மட்டுமே.

ஹேண்ட்செட்டில் லைன் 1, லைன் 2 என்று தனிப் பொத்தான்கள் அல்லது திரையில் தெளிவான அடையாளங்கள் இருக்கிறதா? மெனுவுக்குள் போய் லைன் மாற்ற வேண்டிய போனை வயதானவர்கள் உபயோகிக்க மாட்டார்கள். ஒவ்வொரு லைனுக்கும் தனி ரிங்டோன் வைக்க முடிய வேண்டும். ஹேண்ட்செட் வாரியாக எந்த லைன் அடிக்கலாம், எது அடிக்கக் கூடாது என்று அமைக்க முடிய வேண்டும். படுக்கையறையில் அலுவலக லைன் அடிக்காமல் இருக்க இது அவசியம். ஹோல்டு, ஒரு ஹேண்ட்செட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, இரண்டு லைனையும் சேர்த்து மூவர் பேசுவது, அறைக்கு அறை இன்டர்காம் ஆகியவை இருக்கட்டும்.

ஆன்சரிங் மெஷின் உள்ள மாடல் என்றால், இரண்டு லைனுக்கும் தனித்தனி வரவேற்புக் குரலும் தனிப் பெட்டியும் உண்டா என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் ஒரே குரல்தான் இரண்டுக்கும். தொழிலுக்காக அழைப்பவர் குழந்தையின் குரலைக் கேட்பார்.

மின்தடை பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். கார்ட்லெஸ் பேஸுக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் எல்லா ஹேண்ட்செட்டும் செத்துவிடும். செம்புக் கம்பி லைன் என்றால் கம்பியுள்ள சாதாரண போன் ஒன்றை முதல் லைனில் வைத்திருங்கள், அது லைன் மின்சாரத்திலேயே ஓடும். பேஸிலேயே கம்பி ரிசீவர் உள்ள மாடலும் சில உண்டு. மின்சாரம் இல்லாமல் எந்த லைனில் வேலை செய்யும் என்று கையேடு சொல்லும். ஃபைபரோ இணையத் தொலைபேசியோ என்றால் ரவுட்டர், ஃபைபர் பெட்டி, அடாப்டர், பேஸ் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். ஒன்றை விட்டாலும் பயனில்லை.

மாட்டும் வரிசை

பேஸை வீட்டின் நடுவில், தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி இவற்றின் பின்னால் வேண்டாம். ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஹேண்ட்செட் பேட்டரியை மாட்டி, கையேட்டில் சொன்ன நேரம் முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். பல மாடல்களுக்கு இது 10 மணி நேரத்துக்கும் மேல். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். அவை தீர்ந்தால் கடிகாரத்துக்குப் போடும் ஆல்கலைன் செல்லை ஒருபோதும் போடாதீர்கள். சார்ஜரில் வைத்தால் அது கசியும், வெடிக்கவும் கூடும்.

பெட்டியோடு வந்த ஹேண்ட்செட்கள் பதிவாகியே வரும். தனியாக வாங்கியதைப் பதிய வேண்டும். பேஸில் உள்ள பேஜ் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஹேண்ட்செட் மெனுவில் பதிவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் எண் கேட்டால் ஆரம்பத்தில் பெரும்பாலும் 0000. முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

பிறகு லைன்களை ஒவ்வொன்றாக இணையுங்கள். முதல் லைனை மட்டும் மாட்டி, உள்ளே ஒரு அழைப்பு, வெளியே ஒரு அழைப்பு. அது சரியானபின் இரண்டாவது. கடைசியாக இரண்டு ஹேண்ட்செட்டில் இரண்டு லைனிலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் நடந்து பாருங்கள். குரல் விட்டுவிட்டு வரும் இடம் தெரிந்தால் பேஸை இரண்டடி நகர்த்தி மறுபடி நடங்கள். இரண்டடி நகர்த்தினாலே பல நேரம் தீர்ந்துவிடும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

ஒரு லைனில் பேசும்போது மற்ற லைன் பேச்சு மெலிதாகக் கேட்கிறதா? தட்டையான நான்கு கம்பிக் கேபிளை நீளமாக இழுத்திருப்பீர்கள். அதில் கம்பிகள் முறுக்கப்படாமல் இணையாக ஓடுவதால் ஒரு ஜோடியின் ஒலி மற்றதில் தொற்றும். சுவர் வழியே போகும் நீண்ட ஓட்டத்துக்கு முறுக்கிய ஜோடிகள் உள்ள கேட்-5 கேபிளைப் போடுங்கள். தட்டைக் கேபிள் சாக்கெட்டிலிருந்து பேஸ் வரை மட்டும்.

அழைப்பவர் எண் வரவில்லை என்றால், முதலில் அந்த லைனுக்கு நிறுவனத்திடம் அந்த வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு லைனுக்கும் தனித்தனியாக இயக்க வேண்டும். பல நாடுகளில் எண் முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் வருகிறது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டால் எண் வரவே வராது.

ஆன்சரிங் மெஷினில் ஒரு செய்தியும் சேரவில்லை, ஆனால் அழைத்தவர்கள் செய்தி விட்டோம் என்கிறார்கள். நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் முந்திக்கொள்கிறது. உங்கள் மெஷினை 3 அல்லது 4 ரிங்கில் எடுக்கும்படி வைத்து, நிறுவனத்தின் வாய்ஸ்மெயிலை 6 ரிங்குக்குத் தள்ளச் சொல்லுங்கள், அல்லது அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

யாரும் பேசாதபோதும் ஒரு லைன் உபயோகத்தில் இருப்பதாகவே காட்டினால், அதே லைனில் உள்ள வேறொரு போன் சரியாக வைக்கப்படவில்லை. பழைய ஃபேக்ஸ், அலாரம் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாக மறுபடி மாட்டிக் கண்டுபிடியுங்கள்.

ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தினால் கால் வெயிட்டிங் அழைப்பு வராமல் லைனே துண்டிக்கப்படுகிறது என்றால், பொத்தான் லைனைத் துண்டித்துச் சேர்க்கும் அந்தக் கணநேரம், அதாவது ஃப்ளாஷ் நேரம், அதிகம். எதுவுமே நடக்கவில்லை என்றால் குறைவு. சில நாடுகளில் 100 மில்லிசெகண்ட், சில நாடுகளில் 600. போன் மெனுவில் மாற்றிப் பாருங்கள்.

ஐபி பேஸில் உங்கள் குரல் போகிறது, எதிர்ப்பக்கக் குரல் வரவில்லை என்றால் ரவுட்டரில், இணையப் பேச்சுத் தகவலில் குறுக்கிடும் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் வேகம் போதும். ஆகவே குரல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் இணையத்தின் வேகக் குறைவு இல்லை. அதே நேரத்தில் யாரோ பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டிருப்பார்கள். ரவுட்டரில் குரல் போக்குவரத்துக்கு முன்னுரிமை கொடுத்தால் நின்றுவிடும்.

இரவு முழுக்கச் சார்ஜில் இருந்த ஹேண்ட்செட் பத்து நிமிடப் பேச்சில் அணைந்தால், முதலில் ஹேண்ட்செட்டின் அடியிலும் அதை வைக்கும் சார்ஜ் தொட்டிலிலும் உள்ள உலோகத் தொடுபுள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் செல்கள் தேய்ந்துவிட்டன. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதோடு பழையதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.